வள்ளியம்மா அனுப்பிய ஆற்றுத் தண்ணீர்

அம்மாவும் மகனும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, கிழிந்த கொசுவலையைத் தைத்தது. 1939 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் வீட்டின் முன்னறையில் பாலன் வலையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தான். வள்ளியம்மா கிழிசலின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"இழுத்துப் புடிடா. இப்படிப் பயந்து பயந்து புடிச்சா கொசுதான் சிரிக்கும்."

"இழுத்தா இன்னும் கிழியும்மா."

"கிழிஞ்சா தைக்கப் போறவ நான். ஒனக்கென்ன?"

கால் மணி நேர வேலை. அதற்குள் பாலன் இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தான். புதன்கிழமை புதன்கிழமையைப் போலவே போயிற்று. வியாழன் விடியற்காலையில் குழாயடிக்குப் போனவள், நிரம்பிய வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்; எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். வயது நாற்பத்தொன்பது.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டியது அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது.

வள்ளியம்மா பத்தொன்பது வயதில் கப்பலேறி வந்தவள். கிள்ளான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினாள். 1918இல் பரவிய காய்ச்சல் அவள் புருஷனைக் கொண்டுபோயிற்று. ஆறு வயதுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து, ஆற்றில் மணல் அள்ளும் கும்பலில் சேர்ந்தாள். ஆண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, அடியிலிருந்து மணலைக் கூடையால் வாரிச் சம்பான் படகில் கொட்டுவார்கள். சம்பான் கரைக்கு வந்ததும் பெண்கள் அதைத் தலைச்சுமையாக மேட்டுக்கு ஏற்றுவார்கள். பதினைந்து வருஷம் அந்த மேட்டை ஏறி இறங்கினாள். ஒரு சிட்டிகை மணலை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தால் போதும்; இது பூச்சுக்கு, இது கான்கிரீட்டுக்கு, இது எதற்கும் ஆகாது என்று சொல்லிவிடுவாள். கும்பலின் கங்காணி கன்னையா சந்தேகம் வரும்போதெல்லாம் அவளைக் கூப்பிட்டுத்தான் கேட்பார். கேட்டதாக வெளியில் சொல்ல மாட்டார்.

பையன் படித்தான். உபகாரச் சம்பளம் கிடைத்துச் சிங்கப்பூரில் ஒரு கல்லூரியில் சேர்ந்தான். 1933இல் மூன்றாம் ஆண்டு. அங்கே பெல்லாமி என்ற பேராசிரியர், ஆண்டுக்கு ஒருவரையோ இருவரையோ மட்டும் வகுப்புப் பாடத்தோடு ஒரு சொந்த ஆய்வும் செய்ய விடுவார். கேள்வி மாணவனுடையதாக இருக்க வேண்டும். அளவு மாணவனுடைய பொறுப்பு. வழி கேட்டால் சொல்வார். கைபிடித்து நடத்த மாட்டார். மார்ச் பதினைந்தாம் தேதி அறிக்கை அவர் மேசையில் இருக்க வேண்டும். அது தேறினால், புதிதாக வந்திருந்த வடிகால் இலாகாவில் தொழில்நுட்ப வேலைக்குத் தம் கைப்பட எழுதுவதாகச் சொல்லியிருந்தார். தேறாவிட்டால் எங்காவது கிராணி நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதுவதுதான்.

பாலன் எடுத்துக்கொண்ட கேள்வி இது: மேலே ஈயச் சுரங்கங்கள் கழுவி விடும் மண்ணைக் கிள்ளான் ஆறு பிரிக்பீல்ட்ஸைத் தாண்டி ஒரு நாளைக்கு எவ்வளவு கொண்டுபோகிறது? வழி எளியது. நாள்தோறும் ஒரே இடத்தில் ஒரு போத்தல் ஆற்றுத் தண்ணீர் எடுப்பது, வடிதாளில் வடிகட்டுவது, தங்கிய மண்ணைக் காயவைத்து நிறுப்பது. செப்டம்பர் விடுமுறையில் மூன்று வாரம் அவனே எடுத்தான். கல்லூரி திறந்ததும் அந்த வேலை அம்மாவின் கைக்குப் போயிற்று.

முனைக்கடை ஜெய்னுதீனிடம் சர்பத் வந்த காலிப் போத்தல்களை அவள் கேட்டு வாங்கினாள். கரும்பச்சைக் கண்ணாடி. உள்ளே இருப்பது வெளியே தெரியாது.

"என்ன வள்ளி, கடை போடப் போறியா?"

"ஆமா பாய். ஆத்துத் தண்ணி கடை. மொத போணி நீங்கதான்."

எழுதத் தெரியாதவள் நாளைக் குறிக்க ஒரு வழி வைத்திருந்தாள். போத்தலின் கழுத்தில் நூல்; திங்களுக்கு ஒரு முடிச்சு, செவ்வாய்க்கு இரண்டு, இப்படி ஞாயிறுக்கு ஏழு. மழை பெய்த நாளில் நூலில் ஒரு புல்லும் சேரும். பாலத்துத் தூணில் தண்ணீருக்கு மேலே எத்தனை வரிசைச் செங்கல் தெரிகிறது என்று எண்ணி, அத்தனை கோடு கரியால் அட்டையில் இழுப்பாள். சனிக்கிழமை ராத்திரி ரயிலில் ஏழு போத்தலும் அட்டையும் ஒரு பெட்டியில் சிங்கப்பூருக்குப் போகும். ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

கல்லூரியின் நல்ல தராசு பாலனுக்கு நவம்பர் கடைசியில்தான் கிடைத்தது. அதுவரை பெட்டிகள் அலமாரியில் அடுக்கிக் கிடந்தன. அவன் எடுத்த செப்டம்பர்த் தண்ணீரில் கேலனுக்கு ஐம்பது, அறுபது கிரெயின் எடை மண் இருந்தது. அம்மா அனுப்பிய முதல் போத்தலில் மூன்று கிரெயின். அடுத்ததில் இரண்டு. நாற்பத்திரண்டு போத்தலிலும் அதே கதை. அதுவும் அடைமழைக் காலத்தில்.

பெல்லாமி எண்களைப் பார்த்தார். பிறகு ஒரு போத்தலை முகர்ந்து பார்த்தார்.

"உலகத்திலேயே சுத்தமான ஆறு பிரிக்பீல்ட்ஸில்தான் ஓடுகிறது போலிருக்கிறது."

பாலன் போத்தலை வாங்கித் தானும் முகர்ந்தான்.

"யாரோ குழாயில் பிடித்து அனுப்புகிறார்கள். யாரென்று நான் கேட்கவில்லை. காரணத்தோடு வா. இல்லாவிட்டால் இந்த ஆய்வை இதோடு மூடிவிடுவோம்."

அம்மா குழாயில் பிடிக்க மாட்டாள் என்பது பாலனுக்குத் தெரியும். ஆனால் தராசு சொல்வதும் பொய்யாக இருக்க முடியாது. அந்த வாரமே ரயிலேறினான். ஞாயிறு காலையில் வீட்டுக்குள் நுழைந்தவன், "இன்னிக்குத் தண்ணி எடுத்தாச்சா?" என்று மட்டும் கேட்டான்.

"விடியறப்பவே மொண்டாந்துட்டேன். வந்து பாரு, எவ்வளவு சுத்தபத்தமா செய்றேன்னு."

சமையலறையில் ஒரு மண்சட்டி இருந்தது. உட்புறம், சேற்றை அடியில் படியவைக்கும் தேத்தாங்கொட்டையால் வட்ட வட்டமாகத் தேய்த்த தடம். அதில் ஆற்றுத் தண்ணீர் தெளிந்து நின்றது. வள்ளியம்மா வெளுத்த துணி ஒன்றைப் போத்தல் வாயில் கட்டி, சட்டியை அலுங்காமல் சாய்த்து, மேல்தண்ணீரை மட்டும் ஊற்றினாள். பளிங்கு போலத் தண்ணீர்.

"அம்மா, என்ன செய்றே?"

"பாத்தா தெரியல? தெளிய வச்சு ஊத்துறேன்."

"யாரு தெளிய வைக்கச் சொன்னா?"

"யாருடா சொல்லணும்? வெள்ளக்காரத் தொரை மேசைக்குப் போற தண்ணி. கலங்கலா அனுப்புனா, இவன் என்ன வீட்டுல பொறந்தவன்னு ஒன்னப் பத்தி நெனைக்க மாட்டாரா?"

"அவரு குடிக்கப் போறதில்லம்மா!"

"குடிக்காட்டி என்ன, கண்ணால பாப்பாருல்ல?"

பாலன் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். "அந்தச் சேத்தத்தாம்மா நான் நிறுக்கணும்."

வள்ளியம்மா சட்டியைக் கீழே வைத்தாள். "சேத்தையா? தராசுல வச்சா?"

"ஆமா."

"அதுக்கா சிங்கப்பூர் வரைக்கும் போய்ப் படிக்கிறே?" சிரிக்க வாயெடுத்தவள் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"தண்ணி எடுத்து அனுப்புன்னுதானே சொன்னேன்."

"அதான். நீ தண்ணின்னுதானே சொன்னே."

சட்டியின் அடியில் தங்கிய சேற்றை அவள் தினமும் கொல்லையில் கொட்டியிருந்தாள். நாற்பத்திரண்டு நாள் ஆய்வு ஒரு வாழைக்கன்றின் காலடியில் கிடந்தது. வாழை செழிப்பாகத்தான் இருந்தது.

அன்று மத்தியானம் பாலன் பெல்லாமிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தான். பேனா நகரவில்லை. அம்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்ன எழுதப் போறே?"

"போத்தல் மாறிப்போச்சுன்னு எழுதலாம்னு பாக்குறேன்."

"மாறலியே."

"அவருக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

வள்ளியம்மா எதிரில் உட்கார்ந்தாள். "நான் தெளிய வச்சேன்னு எழுது. என் பேரப் போட்டு எழுது. ஏன் செஞ்சேன்னும் எழுது. அடியில நான் கைநாட்டு வைக்கிறேன்."

"அம்மா, அவரு சிரிப்பாரும்மா."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாரு. பொய்யின்னு நெனைக்கிறதுக்குச் சிரிக்கிறது மேல்."

அப்படியே எழுதினான். ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். தேத்தாங்கொட்டை என்பது என்ன என்பதை விளக்கவே அரைப் பக்கம் ஆயிற்று. அதன் கீழே வள்ளியம்மாவின் இடது கட்டைவிரல், நீல மையில்.

பதில் வரும்வரை பாலன் ஊரிலேயே தங்கினான். பெல்லாமியின் பதில் நான்கு வரி. "தவறை ஒப்புக்கொண்டு கட்டைவிரலோடு அனுப்பியவர் என் அனுபவத்தில் இவர் ஒருவரே. ஜனவரி முடியும்வரை மறுபடி அளக்கலாம். அறிக்கைத் தேதி மாறாது. இனித் தண்ணீர் கலங்கியே வரட்டும்."

பாலன் படித்துச் சொன்னதும் வள்ளியம்மா கேட்டாள்: "ஆறு வாரம் இருக்குமா?"

"ஏழு."

"போதும்."

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பாலன் வந்தபோது மகனும் தாயும் ஆற்றில் சேர்ந்தே வேலை செய்தார்கள். இரண்டாம் நாள், கரையோரம் நின்று அவன் போத்தலைத் தண்ணீரில் அமுக்குவதை வள்ளியம்மா தலையில் காலிக்கூடையோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எப்பவும் இப்படித்தான் மொள்ளுவியா? மேல மேலயே?"

"பின்ன?"

"சோத்துப் பானையில கஞ்சிய மட்டும் இறுத்துட்டு, சோறு எவ்வளவுன்னு கணக்குப் போடுறியே, அதான் கேட்டேன். மேல சேறு ஓடுது. மணலு அங்க இல்ல. மணலு கீழ நடக்குது."

"வேகமா ஓடுற ஆத்துல எல்லாம் ஒண்ணாக் கலந்துதாம்மா வரும். புத்தகத்துல இருக்கு."

"ஒன் புத்தகம் இந்த ஆத்துல எறங்கி நின்னுச்சா?"

"அம்மா..."

"எறங்கு. சப்பாத்தக் கழட்டிட்டு எறங்கு."

சம்பானிலிருந்து கங்காணி கன்னையா குரல் கொடுத்தார்: "ஏலே, காலேஜி தொரை ஆத்துல எறங்குறாரு! யாராச்சும் குடை புடிங்கலா!"

பாலன் தொடையளவு தண்ணீரில் நின்றான். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. பாதத்தின் மேல் மணல் ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. நிற்காமல், குதித்துக் குதித்து, ஆயிரம் எறும்பு கடந்து போவதைப் போல. சற்று நேரத்தில் விரல்கள் புதைந்துவிட்டன. மூன்று வாரம் இதே ஆற்றில் சப்பாத்து நனையாமல் தண்ணீர் எடுத்திருந்தான். செப்டம்பர் எண்களும் முழு உண்மை இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"நடக்குதா?"

"நடக்குதும்மா."

அடியிலிருந்து தண்ணீர் எடுப்பது எப்படி? சும்மா இறக்கினால் போத்தல் மேலேயே நிரம்பிவிடும். அடைத்து இறக்கினால் கீழே போய் யார் திறப்பது? அன்று மாலை இருவரும் கொல்லையில் உட்கார்ந்தார்கள். போத்தலுக்கு ஒரு கயிறு, தக்கைக்கு வேறொரு கயிறு; அடியைத் தொட்டதும் இரண்டாவதைச் சுண்டி இழுத்தால் தக்கை கழன்றுவிடும் என்றான் பாலன். மறுநாள் சம்பானிலிருந்து இறக்கிப் பார்த்தார்கள். போத்தல் மிதந்தது. கல்லைக் கட்டினார்கள், தலைகீழாகப் போயிற்று. கன்னையா சம்பான் ஓரத்தில் உட்கார்ந்து, "மீனு மாட்டுச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வள்ளியம்மா ரயில்வே பட்டறைப் பக்கத்திலிருந்து ஒரு பழைய இரும்புப் போல்ட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். அதைப் போத்தலின் அடியோடு துணி சுற்றி இறுகக் கட்டினாள். கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டாள். ஆழம் கணக்கு வைக்க. மூன்றாவது முறை போத்தல் நிமிர்ந்தே இறங்கி அடியில் நின்றது. பாலன் தக்கைக் கயிற்றைச் சுண்டி இழுத்தான். குபுகுபுவென்று குமிழி வந்தது. குமிழி நின்றதும் தூக்கினார்கள். வெளிச்சத்தில் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றியபோது, அடியில் ஒரு விரல்கடை மணல் படிந்தது.

"இனிமே ஒரு நாளைக்கு மூணு போத்தல்" என்றாள் வள்ளியம்மா. "மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, அடியில ஒண்ணு."

பாலன் கல்லூரிக்குத் திரும்பிய பிறகு, வேலை தொடங்கும் முன்பே சம்பானில் ஏறி அவளே எடுத்தாள். கயிறு பிடிக்கக் கும்பலில் யாராவது ஒருத்தி. அடிப் போத்தலுக்கு மூன்று நூல், நடுவுக்கு இரண்டு, மேலுக்கு ஒன்று. ஜனவரி இரண்டாம் வாரம் ஆறு ஒரே ராத்திரியில் ஏறிவிட்டது. பாலத்துத் தூணில் இரண்டு வரிசைச் செங்கல்தான் வெளியே தெரிந்தது. கன்னையா வேலையை நிறுத்திச் சம்பானைக் கரையேற்றிவிட்டார். வள்ளியம்மா போத்தலும் கயிறுமாகப் பாலத்தின்மேல் போய் நின்றாள். கன்னையா பின்னாலேயே ஓடினார்.

"ஏ வள்ளி! ஒரு போத்தலுக்காக உசுர விடப் போறியா? நாளைக்கு எடுத்தா ஆகாதா?"

"நாளைக்கு இந்தத் தண்ணி இருக்காதுண்ணே."

கன்னையா தலையிலடித்துக்கொண்டார். பிறகு தம் துண்டை அவள் இடுப்பில் கட்டி, மறு முனையைக் கையில் சுற்றிக்கொண்டு, பாலத்துக் கம்பியில் காலை உதைத்து நின்றார். அடிப் போத்தலை ஆறு இரண்டு தடவை இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது. மூன்றாம் தடவை நிரம்பி வந்தது. இதை வள்ளியம்மா பாலனிடம் சொல்லவில்லை. கன்னையா சொல்லித்தான் பின்னால் தெரிந்தது.

சிங்கப்பூரில் அந்த வாரத்துப் பெட்டியைப் பிரித்தபோது, மூன்று போத்தல்களின் நூலில் மட்டும் ஒன்றுக்கு நாலாகப் புல் கட்டியிருந்ததைப் பாலன் கண்டான். நிறுத்தான். மேல்: கேலனுக்குத் தொண்ணூற்றாறு கிரெயின். நடு: நூற்று எண்பது. அடி: நானூற்றுப் பன்னிரண்டு. தராசு தவறோ என்று மறுபடி நிறுத்தான். பெல்லாமி வந்து, கோட்டைக் கழற்றிவிட்டுத் தாமே ஒரு தடவை நிறுத்துப் பார்த்தார். நானூற்றுப் பன்னிரண்டு.

"மேலே மட்டும் அளந்த எல்லாரும் பாதி ஆற்றைத்தான் அளந்திருக்கிறோம்" என்றார். "நானும்தான். இந்தப் போத்தலை யார் செய்தது?"

"அம்மாவும் நானும்."

"கட்டைவிரல் அனுப்பியவரா?"

"அவர்தான்."

மார்ச் பதினான்காம் தேதி அறிக்கை பெல்லாமியின் மேசைக்குப் போயிற்று. ஒரு வாரம் கழித்து அவர் இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார். ஒவ்வொரு எண்ணுக்கும் காரணம் கேட்டார். கடைசியில் பேனாவை மூடி வைத்தார். அறிக்கை தேறியது, அந்த ஆண்டு கல்லூரி கொடுத்ததில் மிக உயர்ந்த மதிப்பு. வடிகால் இலாகாவுக்கு அவர் எழுதிய கடிதம் பாலனுக்கு முன்பே கோலாலம்பூர் போய்ச் சேர்ந்துவிட்டது.

பாலன் அறிக்கையின் படியோடு வீட்டுக்கு வந்தான். வள்ளியம்மா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நன்றி சொல்லும் பக்கத்தை அவன் தமிழில் படித்தான்: "வள்ளியம்மா, மணல் கூலி, பிரிக்பீல்ட்ஸ். மாதிரிகளை எடுத்தவர். அடிமட்டப் போத்தலின் அமைப்பில் பாதி இவருடையது. அடியில் அளக்க வேண்டும் என்ற எண்ணம் முழுவதும் இவருடையது."

"கூலின்னு போட்டுருக்கே?"

"மாத்திடவா?"

"எதுக்கு? அதானே நான்." பிறகு கேட்டாள்: "தெளிய வச்சு அனுப்புனது? அத எழுதிட்டியா?"

"எழுதியிருக்கேன். ஒம்பதாம் பக்கம்."

"சரி. அப்ப நல்லாத்தான் எழுதியிருக்கே. கடேசியில என்ன போட்டுருக்கு?"

கடைசி வரியையும் படித்தான். பிரிக்பீல்ட்ஸைத் தாண்டிப் போகும் மணலில் எவ்வளவு கீழே கிள்ளான் ஊர்ப் பாலம்வரை போய்ச் சேர்கிறது, எவ்வளவு வழியிலேயே படிகிறது என்பது இந்த ஆய்வில் தெரியவரவில்லை.

"அது என்ன, தெரியலன்னு முடிச்சிருக்கே?"

"அளக்கலியேம்மா."

"கிள்ளான் என்ன சீமையிலயா இருக்கு? ஒரு நாளு ரயிலேறிப் போயி, பாலத்தடியில மூணு போத்தல் மொண்டுட்டு வந்தா போச்சு. நான் போறேன்."

சொன்னாளே தவிர, போக வாய்க்கவில்லை. அந்த வருஷம் மணல் வேலை கூடிப்போயிற்று. அடுத்த வருஷம் கன்னையா படுத்த படுக்கையானார். அவர் தேறும்வரை கும்பலை அவள்தான் பார்த்துக்கொண்டாள். பாலனுக்கு வேலை கிடைத்த பிறகும் அவள் மேட்டை ஏறி இறங்குவதை விடவில்லை. இலாகா வேலையாக அவன் கிள்ளானுக்குப் போகும்போதெல்லாம், "என்னோட வாயேன்மா" என்பான். "நீ ஆபீஸ் வேலையாப் போறே. நான் என் வேலையா வரணும்" என்பாள். அவன் இலாகாப் படகில் போய்த் தானே எடுத்து வரலாம்தான். ஒரு தடவை கேட்டும் பார்த்தான். "தொடாதே. அது நான் சொன்ன வேலை" என்றுவிட்டாள்.

1939 ஆகஸ்டில் புதுக் கயிறு வாங்கி முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டுவைத்தாள். ஜெய்னுதீன் கடையில் மூன்று போத்தல் எடுத்து, ஆற்றுத் தண்ணீரிலேயே அலசிக் கவிழ்த்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை ரயில் எத்தனை மணிக்கு என்று பாலனைக் கேட்டாள். ஏழேகால் என்றான்.

அந்த ஞாயிறு வருவதற்குள் வியாழன் வந்துவிட்டது. கிள்ளான் பாலத்தடியில் மேல், நடு, அடி என்று மூன்று போத்தல் தண்ணீர் இன்னும் எடுக்கப்படாமலே இருக்கிறது.